மேரி அல்ல, மிஸ் ஹாமில்டன்

புதுக் கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது அதற்குப் பெயர் சூட்டுவதை ஆங்கிலத்தில் ‘கிறிஸ்டன்’ என்பார்கள். கிறிஸ்தவராக்குவது என்பதுதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் ஒரே சடங்காக இருந்த நாட்டில் ஒன்றின் பெயர் மற்றதற்கும் ஆகிவந்தது. கப்பலுக்கு மதம் கிடையாது, ஆனாலும் சொல் ஒட்டிக்கொண்டது. ‘கிறிஸ்டியன் நேம்’ என்ற வழக்கும் அதே வழியில் வந்ததுதான். இருபதாம் நூற்றாண்டிலும் பிரிட்டனின் விண்ணப்பப் படிவங்களில் ஒருவரின் சொந்தப் பெயரைக் கேட்க இந்தச் சொல்லே சர்வசாதாரணமாக அச்சாகியிருந்தது. யூதர், முஸ்லிம், சீக்கியர், இந்து எல்லாரும் ‘கிறிஸ்தவப் பெயர்’ என்ற கட்டத்துக்குள்தான் தங்கள் பெயரை எழுதினார்கள். படிவம் அச்சடித்தவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. பெயருள்ளவர் எல்லாரும் கிறிஸ்தவர்தான் என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே ஊறியிருந்தது. இன்று அந்த இடத்தில் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘ஃபோர்நேம்’, ‘கிவன் நேம்’ என்றெல்லாம் இருக்கிறது. இப்படிச் சொற்கள் மாறுவதைச் சிலர் வீண் நாசூக்கு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவரை எப்படி அழைப்பது, எப்படி விளிப்பது, எந்தக் கூட்டத்தோடு சேர்த்துச் சொல்வது என்ற மூன்றிலும் முதல் சொல் அவருடையதாக இருக்க வேண்டும். அப்படி அழைப்பதில் மரியாதை இருப்பது உண்மைதான், ஆனால் அதைவிட முக்கியமாக, அதுதான் சரியான தகவல். ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்கள் நானூறு ஆண்டுகளாகக் கடந்துவந்த பாதையே இதற்குச் சாட்சி.

விளிச்சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டு சொற்கள் இருப்பதால் எதிரே இருப்பவரை உயர்த்துகிறோமா, நெருக்கம் காட்டுகிறோமா, தாழ்த்துகிறோமா என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘தௌ’, ‘யூ’ என்று இரண்டு இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் எனப்பட்ட சமயக் குழுவினர் கடவுள் முன் எல்லாரும் சமம் என்று சொல்லி நீதிபதியையும் பிரபுவையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். சர், மை லார்ட் போன்ற பட்டங்களைச் சொல்ல மறுத்தார்கள். யாருக்காகவும் தொப்பியைக் கழற்றவும் மாட்டார்கள். கவிஞர் மில்டனுக்குப் பிற்காலத்தில் நண்பரான தாமஸ் எல்வுட் இளைஞராக இருந்தபோது தொப்பியோடு தந்தை முன் நின்று அவரை ‘நீ’ என்று பேசினார். தந்தை அவரை அடித்தார், தொப்பிகளையும் பிடுங்கிக்கொண்டார். தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தத் தந்தையின் கோபம் புரியும். பின்னாளில் ஆங்கிலத்தின் பொதுவழக்கிலிருந்து ‘நீ’ மறைந்து ‘நீங்கள்’ மட்டும் மிஞ்சியது. ஆனால் ஏற்றத்தாழ்வு மறையவில்லை. அது இடம் மாறி, பெயருக்கு முன்னால் வரும் பட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மிஸ்டர், மிஸஸ், மிஸ் என்று சேர்த்துச் சொன்னால் மரியாதை. பட்டத்தை விட்டு வெறும் பெயரால் அழைத்தால் அது நட்பாகவும் இருக்கலாம், நம் ஊரில் முன்பின் தெரியாதவரை ‘ஏய், நீ’ என்பதற்குச் சமமாகவும் இருக்கலாம். யார் யாரை எந்த இடத்தில் அழைக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் அது இரண்டாவது வகையாகவே இருந்தது. வெள்ளையர் கறுப்பினத்தவரை மிஸ்டர் என்றோ மிஸஸ் என்றோ அழைப்பதில்லை என்பது அங்கே எழுதாத சட்டமாக இருந்தது. வயதில் எவ்வளவு மூத்தவரானாலும் வெறும் பெயர்தான், இல்லையென்றால் ‘பாய்’. கொஞ்சம் வயதானவரை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்பார்கள். நம் தெருக்களில் மரியாதையாகப் புழங்கும் இந்த உறவுச்சொற்கள் அங்கே மிஸ்டர், மிஸஸ் என்று சொல்லாமல் தப்பிக்கக் கண்டுபிடித்த வழிகள். 1963-ல் அலபாமாவின் காட்ஸ்டன் நகரில் போராட்டத்தில் கைதான மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் ‘மேரி’ என்று அழைத்துக் கேள்வி கேட்டார். தன்னை மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிபதி உத்தரவிட்டும் அசையவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1964 மார்ச்சில் அந்த நீதிமன்றம் நீண்ட தீர்ப்புரை எதுவும் எழுதாமலேயே தண்டனையை ரத்து செய்தது. வெள்ளைச் சாட்சிக்குக் கிடைக்கும் விளிச்சொல் கறுப்பினச் சாட்சிக்கும் உரியது என்பது அதோடு நிலைநின்றது. இரண்டெழுத்துச் சொல்லுக்காக ஒருவர் சிறைக்குப் போனார் என்பதைச் சின்ன விஷயமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேரி ஹாமில்டனுடன் நியூயார்க்கில் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் ஷீலா மைக்கேல்ஸ் என்ற வெள்ளைப் பெண். 1961-ல் ஹாமில்டனுக்குத் தபாலில் வந்த ஓர் இதழின் முகவரிச் சீட்டில் பெயருக்கு முன்னால் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்ததை அவர் பார்த்தார். அச்சுப்பிழை என்று முதலில் நினைத்தார். பிறகுதான், திருமணமானவரா இல்லையா என்று சொல்லாமல் ஒரு பெண்ணைக் குறிக்க இது உதவுமே என்று பொறி தட்டியது. பத்தாண்டு காலம் அவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பரப்பினார். 1971-ல் அந்த எழுத்துகளையே பெயராகக் கொண்டு ஒரு பெண்கள் இதழும் வந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் மட்டும் 1986 வரை அதை ஏற்கவில்லை. 1984-ல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோ கணவரின் பெயரைச் சூடாமல் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பொதுவாழ்வில் இருந்தவர். அவரை அந்த நாளிதழ் ‘மிஸஸ் ஃபெராரோ’ என்று எழுதியது. ஃபெராரோ என்பவரை அவர் மணந்துகொள்ளவே இல்லை. தப்பான தகவலைத் தெரிந்தே அச்சடிக்க வேண்டிய நிலை. மரபு என்று அவர்கள் பிடித்துக்கொண்டிருந்ததும் அவ்வளவு பழையதல்ல. மிஸ், மிஸஸ் இரண்டுமே ‘மிஸ்ட்ரெஸ்’ என்ற ஒரே சொல்லின் சுருக்கங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மிஸஸ் என்பது வீட்டையோ தொழிலையோ நிர்வகித்த, சமூகத்தில் ஓரளவு நிலைபெற்ற பெண்ணைக் குறித்தது. தாலி ஏறியதா என்று அது கேட்கவில்லை. நம்முடைய திருமதி, செல்வி என்ற பாகுபாடு இந்தப் பிற்கால ஆங்கில வழக்கின் நிழல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘திரு’ என்ற சொல்லுக்கு ஆண், பெண் என்ற பேதமே கிடையாது, அதையே எல்லாருக்கும் வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு பெண் மிஸ் என்ற சொல்லுக்காகச் சிறைக்குப் போகிறார். அவருக்கு வந்த தபாலைப் பார்த்த தோழி அந்த மிஸ், மிஸஸ் பாகுபாடே வேண்டாம் என்கிறார். ஒரே சொல் ஒருவருக்குக் கௌரவம், இன்னொருவருக்குத் தளை. அகராதியைப் புரட்டி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. சொல் நல்லதா கெட்டதா என்பதைவிட, அதைத் தீர்மானிப்பது யார் என்பதுதான் இங்கே கேள்வி.

மதம் சார்ந்த பட்டங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்திருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஓஸ்டன் ஃபெரி என்ற ஊர். 1874-ல் அங்கே வெஸ்லியன் மெத்தடிஸ்ட் போதகர் ஹென்றி கீட்டின் மகள் இறந்துபோனார். கல்லறைக் கல்லில் ‘வெஸ்லியன் போதகர் ரெவரெண்ட் எச். கீட்டின் மகள்’ என்று பொறிக்கத் தந்தை விரும்பினார். கல்லறைத் தோட்டம் இங்கிலாந்து அரசுத் திருச்சபைக்கு உரியது. ரெவரெண்ட் என்ற பட்டம் எங்கள் குருமாருக்கு மட்டுமே சொந்தம் என்று அந்த ஊரின் பங்குக்குரு மறுத்துவிட்டார். மறைமாவட்ட ஆயர் அவர் பக்கம் நின்றார், இரண்டு திருச்சபை நீதிமன்றங்களும் அப்படியே தீர்ப்பளித்தன. 1876-ல் பிரிவி கவுன்சில் அதை மாற்றி, ரெவரெண்ட் என்பது சட்டம் வழங்கிய பட்டமல்ல, வணக்கத்துக்குரியவர் என்று மக்கள் வழக்கத்தில் சேர்க்கும் அடைமொழி, யாரும் அதற்குத் தனியுரிமை கோர முடியாது என்றது. ஒரு தந்தை தன் மகளின் கல்லறையில் தன்னை எப்படிக் குறிப்பிட்டுக்கொள்ளலாம் என்பதற்கு திருச்சபை வழக்குகளுக்கான உச்சபட்ச மேல்முறையீட்டு மன்றம்வரை போக வேண்டியிருந்தது. பெரும்பான்மைச் சபை தன் சொல்லை வேலி போட்டு அடைத்துக்கொண்டால் சிறுபான்மைச் சபையின் துக்கத்துக்குக்கூட அனுமதிச்சீட்டு தேவைப்படுகிறது.

மதக் குழுக்களின் பெயர்களுக்கு வருவோம். ‘முகம்மதன்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் அதன் நிழலான ‘முகமதியர்’ என்ற தமிழ்ச் சொல்லையும் இன்று கவனமுள்ள இதழ்கள் விட்டுவிட்டன. கிறிஸ்துவை வணங்குவோர் கிறிஸ்தவர் என்றால், முகமதுவை வணங்குவோர் முகமதியர் என்ற கணக்கில் அந்தச் சொல் அமைந்திருக்கிறது. நபிகள் நாயகத்தை இறைவனின் தூதராகப் போற்றுகிறவர்களே தவிர, அவரை வணங்குகிறவர்கள் அல்ல முஸ்லிம்கள். ஆகவே அந்தப் பெயர் அவர்கள் நம்பிக்கையின் அடித்தளத்தையே தவறாகச் சொல்கிறது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. முஸ்லிம்களே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்களே என்பார்கள். உண்மைதான். சையது அகமது கான் 1870-களில் அலிகரில் தொடங்கிய கல்லூரிக்கு முகம்மதன் ஆங்கிலோ-ஓரியண்டல் கல்லூரி என்றே பெயர். ஆட்சியாளரிடம் ஆட்சியாளரின் மொழியில் பேச வேண்டிய காலம் அது. அதே கல்லூரி 1920-ல் பல்கலைக்கழகமானபோது அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதே சமயம், கொல்கத்தாவின் பழம்பெரும் கால்பந்து அணி இன்றும் முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்ற பெயரில்தான் ஆடுகிறது. அது அவர்கள் பெயர், அவர்கள் வைத்துக்கொண்டது. அதைத் திருத்த நாம் யார்? எனக்கு உறுத்துவது வேறு. சட்டப் புத்தகங்களின் அட்டையில் ‘முகமதியர் சட்டம்’ என்ற பெயர் இன்னும் நீடிக்கிறதே, அதை மாற்ற ஒரு பதிப்பாளரின் முடிவு போதும்.

வெளியார் வைத்த பெயர்கள் எல்லாமே கெட்டவையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி, ஏனென்றால் ‘கிறிஸ்தவர்’ என்ற பெயரே அந்தியோகியா நகரத்தில் பிறர் அழைக்கத் தொடங்கிய பெயர் என்று கருதப்படுகிறது. முன்பு சொன்ன குவேக்கர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1650-ல் டெர்பி நகர நீதிபதியிடம், இறைவனின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்றார். நீதிபதி அவருடைய குழுவினருக்கு ‘நடுங்கிகள்’ என்ற பொருளில் குவேக்கர் என்று பட்டம் கட்டினார். அவர்களின் முறையான பெயர் ‘நண்பர்கள் சங்கம்’ என்றிருந்தாலும் கேலிப் பெயரையும் நாளடைவில் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வெஸ்லி சகோதரர்களின் சிறு குழு நேரம் தவறாமல் ஜெபித்ததையும் விரதமிருந்ததையும் பார்த்த சக மாணவர்கள் அவர்களை ‘முறைக்காரர்கள்’ என்று கேலி செய்ய வைத்த பெயர்தான் மெத்தடிஸ்ட். யூதர்களின் அனுபவம் இன்னும் ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘ஜூ’ என்ற சொல்லில் வசையின் வாடை ஏறியிருந்ததால் அமெரிக்க யூதர்கள் பலர் ‘ஹீப்ரூ’ என்ற சொல்லுக்குள் ஒதுங்கினார்கள். 1873-ல் தோன்றிய அமெரிக்க ஹீப்ரூ சபைகளின் கூட்டமைப்பு அப்படிப் பெயர் பெற்றதுதான். 2003-ல் அது சீர்திருத்த யூத மதக் கூட்டமைப்பு என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. கறை ஏறிய சொல்லைக் கழுவி மறுபடி எடுத்துக்கொண்டார்கள். இங்கெல்லாம் பெயரை முதலில் உண்டாக்கியவர் யாராக இருந்தாலும், ஏற்பதா விடுவதா என்ற முடிவை எடுத்தவர்கள் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள். நான் சொல்லவருவதும் அதுதான்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. சில பெயர்களுக்குள் ஓர் உரிமைக் கோரிக்கை ஒளிந்திருக்கும். 1838 முதல் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கத் திருச்சபையை அதன் மறைநூலை வைத்து உலகம் மார்மன் என்றே அழைத்துவந்தது. சபையும் அதை வெறுக்கவில்லை, 2014-ல் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தே ஒரு படம் எடுத்தது. 2018-ல் அதன் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன், இனி முழுப்பெயரால் அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சபையின் புகழ்பெற்ற பாடகர் குழுவே பெயரிலிருந்து மார்மன் என்பதை எடுத்துவிட்டது. முழுப்பெயரால் அழைத்தால் அவர்கள்தான் இயேசுவின் சபை என்று நாமும் ஒப்புக்கொள்வதாகிவிடாதா என்று மற்றக் கிறிஸ்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியும் புதிதல்ல. கத்தோலிக்கம் என்றால் உலகப் பொதுவானது என்று பொருள். அதை அப்படியே விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் இங்கிலாந்துப் புராட்டஸ்டண்டுகள் முன்னால் ‘ரோமன்’ என்று சேர்த்து அழுத்திச் சொன்னார்கள். ‘பேப்பிஸ்ட்’ என்று, போப்பின் அடியாள் என்ற தொனியில், சட்டத்திலேயே எழுதினார்கள். இன்று யாரும் கத்தோலிக்கர் என்று சொல்லும்போது அவர்கள் சபையின் உலகளாவிய அதிகாரத்துக்குக் கையெழுத்துப் போடுவதாக நினைப்பதில்லை. ஆர்த்தடாக்ஸ் என்றால் சரியான நம்பிக்கை என்று பொருள், அதைச் சொல்லும் நாம் மற்றவர் நம்பிக்கை தவறு என்று சொல்லவில்லை. வெற்றிவேல் என்ற பெயருள்ளவர் தோற்றாலும் அவரை வெற்றிவேல் என்றுதானே கூப்பிடுகிறோம்? பெயரை ஒப்புக்கொள்வது கொள்கையை ஒப்புக்கொள்வதாகாது. அந்தச் சபையின் கொள்கையை, வரலாற்றை, நடத்தையை எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு விமர்சித்தால் அந்த விமர்சனத்துக்குத்தான் எடை கூடும். பெயர் தலைப்பில் அடங்காத அளவுக்கு நீளம் என்ற செய்தியாளரின் சங்கடம் உண்மையானது. முதல்முறை முழுப்பெயரும் பிறகு ‘சபை’ என்றும் எழுதினால் தீர்ந்துவிடும்.

இவ்வளவு அலட்டல் தேவையா, பழகிய சொல்லையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கும் தமிழருக்கு நம் சொந்த வரலாற்றையே காட்டலாம். போர்ச்சுகீசியர் முதலில் இறங்கிய மலபார்க் கரையின் பெயரை ஐரோப்பியர் தமிழர் மீதும் ஏற்றினார்கள். தமிழ் ‘மலபார் மொழி’ ஆயிற்று, தமிழர் ‘மலபாரிகள்’ ஆனார்கள். சென்னைப் பட்டணத்தில் தெலுங்கருக்கு ‘ஜென்டூ’ என்று பெயர். அதுவும் பிற மதத்தவர் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபுதான். ஃபாப்ரிசியஸ் பாதிரியார் 1779-ல் வேப்பேரியில் அச்சிட்ட தமிழ் அகராதியின் தலைப்பிலேயே மலபார் என்ற சொல் இருக்கிறது. தமிழை நேசித்து வாழ்நாளைச் செலவிட்டவராலும் அந்த வழக்கைத் தாண்ட முடியவில்லை. இலங்கையில் யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தை ஆங்கிலேயர் 1806-ல் உறுதிசெய்தபோது அவர்களை யாழ்ப்பாண மாகாணத்தின் ‘மலபார் குடிகள்’ என்று எழுதினார்கள். யாழ்ப்பாணத்தார் சொத்து வழக்குகளில் இன்றும் அந்தச் சொல்லுக்கு யார் உட்படுவார் என்று வழக்கறிஞர்கள் வாதாட வேண்டியிருக்கிறது. பிறர் வைத்த தவறான பெயர் இருநூறு ஆண்டு கழித்தும் நிலத்தையும் வீட்டையும் தொடுகிறது என்றால் அதை வெறும் சொல் என்று ஒதுக்க முடியாது.

ஆங்கிலப் படிவம் ‘கிறிஸ்டியன் நேம்’ என்ற கட்டத்தை மாற்றிவிட்டது. பக்கத்தில் இருக்கும் ‘சர்நேம்’, அதாவது குடும்பப் பெயர் கேட்கும் கட்டம் மட்டும் மாறவில்லை. 1930-ல் நோபல் பரிசு பெற்ற ராமன், 1983-ல் பெற்ற சந்திரசேகர் இருவரும் சித்தப்பாவும் அண்ணன் மகனும். ராமனின் தந்தை பெயர் சந்திரசேகரன். ராமனின் அண்ணன் சுப்பிரமணியன், அவர் மகனுக்குத் தாத்தாவின் பெயர். மூன்று தலைமுறையிலும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இது வெறும் பழக்கமும் அல்ல. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. வேறு மாநிலங்களில் குடும்பப் பெயராக நிற்பது பல நேரங்களில் சாதிப் பெயர்தான். நம்மவர் மனமறிந்து உதறிய ஒன்றைத்தான் அந்தக் கட்டம் திரும்பக் கேட்கிறது. கட்டத்தை எப்படியோ நிரப்பிய பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசா வாங்கப் போனால், சொந்தப் பெயர் முழுவதும் சர்நேம் கட்டத்தில் இருப்பவருக்கு முன்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியப் பாஸ்போர்ட்டுகளுக்குப் பார்வையாளர் விசா இல்லை என்று அறிவித்து, சில நாளில் தந்தை பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. பெயர்களைப் பிரித்துக் கேட்பதைவிட ‘முழுப்பெயர்’ என்ற ஒரே கட்டம் பலவகைப் பெயர்களுக்கும் பொருந்தும் என்று பிரிட்டிஷ் அரசின் இணையதள வடிவமைப்பு வழிகாட்டியே இப்போது சொல்கிறது. ‘கிறிஸ்தவப் பெயர்’ கேட்ட நாடு அவ்வளவு தூரம் வந்துவிட்டது. சென்னையில் அச்சாகும் வங்கிப் படிவத்திலும் கல்லூரி விண்ணப்பத்திலும் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்ற இரண்டு கட்டங்களை அழித்துவிட்டு ஒன்றாக்குவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.